வீற்றிருந்தவள்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'ஒண்ணுமில்ல'. நாங்கள் வைத்ததுதான். கண் வீங்கி வந்தால் ஒண்ணுமில்லக்கா. நொண்டிக்கொண்டு வந்தால் ஒண்ணுமில்லக்கா. ஒருநாள் முன்கை வெந்து தோல் உரிந்து வந்து நின்றாள். "பிரஸ் மெஷின்ல பட்டுடுச்சு, ஒண்ணுமில்லக்கா" என்றாள். வருஷக்கணக்காக அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று துணி மடிக்கிறவள் நான். எனக்கே காது குத்துகிறாள். மெஷினின் மேல்மூடி பலகை மாதிரித் தட்டையாக இருக்கும். அவள் கையில் இருந்த புண்ணுக்கு ஒரு பக்கம் கூர்முனை. அது வீட்டு இஸ்திரிப் பெட்டியின் மூக்கு.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புவது எங்கள் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான். கூடத்தில் இருந்த ஒரே நாற்காலி சூப்பர்வைசருடையது. ஈரத்திலேயே நின்று எங்கள் பாதமெல்லாம் வெடித்துக் கிடக்கும்.

துணிக்குக் கஞ்சி போடுகிறவளை நாங்கள் கஞ்சிக்காரி என்போம். அவள் ஒருநாள் ஒரு தேவி படத்தைக் கொண்டுவந்து பாய்லர் சுவரில் ஒட்டினாள். காலை மடித்து, நிமிர்ந்து, நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் அந்த தேவி.

"நாம உக்காந்தா சோம்பேறி. அவ உக்காந்தா வீற்றிருக்கா. வார்த்தைய கவனிச்சீங்களாடி?" என்றாள் கஞ்சிக்காரி.

அந்த வார்த்தைதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. சூப்பர்வைசர் சாப்பிடப் போகும் நேரத்தில், ஆளுக்கு ஒரு நாள், அந்த நாற்காலியில் வீற்றிருப்பது என்று முடிவு செய்தோம். பாய்லர் வெந்நீரைத் தொட்டியில் ஊற்றிக் கால் வைத்துக்கொள்ளலாம். யாராவது தலை வாரிவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவள்தான் அப்போது தேவி, அவள் சொன்னதை மற்றவர்கள் செய்தே ஆகவேண்டும். இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை. சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடிப்பதற்குள் எந்திரித்தால் முறை போச்சு.

ஒண்ணுமில்ல ஒரு தடவைகூட முழுசாக உட்கார்ந்ததில்லை. வெந்நீரில் கால் வைப்பாள், ஃபோன் அடிக்கும், எந்திரித்து ஓடுவாள். பக்கத்துத் தெருவில் டயர்க் கடை வைத்திருக்கும் அவள் புருஷன்தான். எடுக்காவிட்டால் சாயங்காலம் முதுகில் கணக்குத் தீர்ப்பான். "ஒரே ஒரு தடவை மணி அடிக்கிறவரைக்கும் உக்காந்து பாத்துடணும்க்கா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். உலகத்தில் ஒருத்தி ஆசைப்படுகிற ஆசையா இது?

அடுத்து அவள் முறை வந்த அன்றும் ஃபோன் அடித்தது, அவள் பாதி எழுந்துவிட்டாள். கஞ்சிக்காரி அதைப் பிடுங்கிக் கஞ்சி வாளிக்குள் போட்டாள். குமிழி விட்டபடி முங்கிப் போனது. "இப்ப உக்காரு" என்றாள். ஒண்ணுமில்ல வாளியையே பார்த்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். நான் அவள் சிக்கை எடுக்க ஆரம்பித்தேன்.

பின்னல் பாதிகூட வரவில்லை, அவன் வந்துவிட்டான்.

"ஃபோன எடுக்காம இங்க மகாராணி மாதிரி உக்காந்திருக்கியா? எந்திரிடி."

அவள் எழவில்லை. அவன் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. வெந்நீர்த் தொட்டியை உதைத்துக் கவிழ்த்தான். முடியைப் பிடித்து இழுத்தான். அவள் நாற்காலிக் கைகளை இறுக்கிப் பிடித்திருந்ததால் நாற்காலியும் சேர்ந்து ஈரத் தரையில் கிறீச்சென்று நகர்ந்தது. ஒரு கைப்பிடி முறிந்தது. விலாவில் உதைத்தான், இரண்டாவது உதையும் அதே இடத்தில்தான். நாங்கள் மரம் மாதிரி நின்றோம். எங்கள் வீடுகளில் பழகிய பழக்கம் அது. புருஷன் அடித்து முடிக்கும்வரை அசையாமல் நிற்பது.

அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "பிடிங்க" என்றாள்.

தேவி சொல்லிவிட்டாள், செய்தே ஆகவேண்டும். கஞ்சிக்காரி நனைந்த விரிப்பு ஒன்றை முறுக்கி அவன் முழங்கால் மடிப்பில் வீசினாள். நனைந்த விரிப்பின் கனம் தூக்குகிறவளுக்குத்தான் தெரியும். அவன் மடங்கி விழுந்தான். இன்னொருத்தி அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். அவன் கையை ஓங்கியபோது மணிக்கட்டைக் கடித்தேன், காதைப் பிடித்துத் திருகினேன். காது கையோடு வந்திருந்தாலும் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

"எந்தக் கையால சூடு வச்சியோ அந்தக் கை" என்றாள் அவள். "மெஷின்ல வைங்க."

அவனை மண்டியிட வைத்து, வலது கையைப் பிரஸ் மெஷினின் படுக்கையில் நீட்டிப் பிடித்தோம். மேலே மூடி திறந்து, ஆவி விட்டுக்கொண்டு நின்றது. கீழே மிதிகட்டை. ஒரு மிதி போதும், மூடி இறங்கிவிடும். எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"மணி அடிக்கட்டும்" என்றாள். "தலையப் பாதியில விட்டுட்டீங்களேக்கா."

நான் போய்ச் சீப்பை எடுத்தேன். பிடுங்கப்பட்ட முடி கொத்தாக வந்தது. அவன் முதலில் திட்டினான், பிறகு மிரட்டினான். ஆவி விரலில் பட ஆரம்பித்ததும், "தாயே, விட்ரும்மா" என்று அழுதான்.

"நான் உக்காந்திருக்கேன். யாரும் பேசக்கூடாது" என்றாள்.

பின்னி முடித்தேன். ரத்தத்தைத் துடைத்துவிட்டேன். மணி அடித்தது.

அவள் எழுந்தாள். எழுந்தவள் தேவி இல்லை, அவள் சொல்லுக்கு நாங்கள் கட்டுப்பட வேண்டியதும் இல்லை. ஆனாலும் ஒருத்திகூட அவன் கையை விடவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து மிதிகட்டையில் பாதத்தை வைத்தாள். அவள் மிதிப்பாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மிதிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

"விடுங்க" என்றாள். விட்டோம். பயத்தில் அவன் கை அங்கேயே கிடந்தது.

"எந்திரிடா."

அவன் கையை உருவவும் அவள் ஓங்கி மிதிக்கவும் சரியாக இருந்தது. மூடி டமாரென்று இறங்கி, அவன் முழுக்கைச் சட்டையின் நுனியைக் கவ்விக்கொண்டது. அலறிக்கொண்டு இழுத்தான். சட்டை தோளோடு கிழிந்தது. தெருவில் ஓடுகிற வரைக்கும் அலறிக்கொண்டே போனான். மூடியைத் திறந்தால், ஒற்றைச் சட்டைக்கை ஒரு சுருக்கம் இல்லாமல் இஸ்திரி ஆகிக் கிடந்தது.

சூப்பர்வைசர் வந்து, கவிழ்ந்த தொட்டியையும் முறிந்த நாற்காலியையும் அவள் முகத்தையும் பார்த்தார். "என்னம்மா ஆச்சு இங்க?"

எல்லாருக்கும் அந்தப் பதில் மனப்பாடம். காத்திருந்தோம்.

"என் புருஷன் அடிச்சான் சார்" என்றாள். "நாங்க திருப்பி அடிச்சோம்."

சொல்லிவிட்டு, வேலை நேரம் என்றும் பாராமல், அவர் கண்முன்னாலேயே போய் அந்த ஒற்றைக்கை நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள்.