முதல் வார்த்தைக்கு நான் எழுதிய பெயர்

பெரிய வெள்ளிக்கிழமை என்றாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. பேச்சுக்காகச் சொல்லவில்லை. பகல் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தால் நிஜமாகவே வயிற்றைப் பிரட்டுகிறது. இத்தனைக்கும் நான் பரம்பரைக் கிறிஸ்தவன். கருங்கல் பக்கத்தில் ஒரு சபைக்கு ஆறு வருஷம் செயலாளராக இருந்தவன். நம் பாவத்துக்காக ஒருவர் செத்தார், அதனால் கடவுள் நம்மை மன்னித்தார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொல்லிக் கொடுத்தவன்.

எங்கள் சபையில் அன்றைக்கு மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள். யாருக்கு எந்த வார்த்தை என்று பட்டியல் போடுவது செயலாளர் வேலை. இதற்கும் சிபாரிசு வரும், கோபித்துக்கொண்டு கமிட்டியை விட்டு விலகியவர்களும் உண்டு. முதல் வார்த்தைக்குத்தான் கிராக்கி. தம்மைக் கொல்கிறவர்கள் அறியாமல் செய்கிறார்கள், மன்னியும் என்று இயேசு வேண்டுகிற இடம் அது. தவிர, அந்த நேரத்தில்தான் கூட்டம் தூங்காமல் கேட்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த முதல் வார்த்தைக்கு நேரே அத்தானின் பெயரை எழுதினேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. அதற்கும் எட்டு வருஷம் முன்னால் ஒரு காலையில், சட்டைக்குப் பொத்தான் தைத்து வைக்கவில்லை என்று, அக்காவின் வலது கையைக் கதவு நிலையில் பிடித்து வைத்துக் கதவை ஓங்கிச் சாத்தினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான்தான் அவளை ஆட்டோவில் குழித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கையைச் சுற்றியிருந்த துவர்த்துத் துண்டு நனைந்து என் மடியெல்லாம் ரத்தம். சுற்றுவட்டாரத்தில் ஜாக்கெட் தைப்பதில் பெயர் வாங்கியவள் அவள். இப்போது அந்தக் கையால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். குடும்பம் என்றால் அப்படி இப்படி இருக்கும் என்றார்கள் சபையில். வாராவாரம் இயேசுவின் ரத்தத்தைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர்கள். அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வரவில்லை.

பிறகு ஏதோ ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அத்தான் மனந்திரும்பி ரட்சிக்கப்பட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பெரிய பைபிள். முன் வரிசையில் முழங்காலில் நின்று ஜெபித்தார். "ஆளு மாறியாச்சு. நீங்கதான் ஒரு வாய்ப்பு குடுக்கணும்," என்றார் போதகர். எனக்கும் ஆசைதான். மன்னிப்பைப் பற்றி அத்தனை பேர் முன்னால் பேச நிற்கிற மனுஷன், பெண்கள் உட்காரும் பக்கத்தில் அக்காவைப் பார்த்ததும் உடைந்து அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை வருஷமும் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். என்னைப் புத்திசாலி என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அத்தான் பேசினார். "நான் குடிப்பிசாசுக்க அடிமையா கெடந்தவன் மக்களே. எனக்க வீட்டுக்காரிய கொல்லாம கொன்னவன். அறியாம செய்தேன். எனக்கு விழவேண்டிய அடி எல்லாம் அவருக்க மேல விழுந்தாச்சு. இனி எனக்கு மேல ஒரு குத்தமும் இல்ல!"

சபை ஆமென் என்றது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அக்கா மட்டும் துடைக்கவில்லை. கதவைச் சாத்திய அன்று அவர் ஒரு சொட்டுக் குடித்திருக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடியைச் சொன்னவர் கதவைச் சொல்லவில்லை. கையைச் சொல்லவில்லை. அவள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

மீதி ஆறு வார்த்தைகள் முடியும்வரை நான் உட்கார்ந்திருந்தது பெரிய காரியம். எனக்கு அருவருப்பாக இருந்தது. அத்தான் மேல் மட்டும் இல்லை, நான் நாற்பது வருஷமாக நம்பி வந்ததன் மேலேயே. அடி வாங்கியவள் ஒருத்தி. மன்னிக்கிறவர் வேறொருவர். அதற்காகச் சாகிறவர் மூன்றாவது ஆள். அடித்தவனுக்கு வெள்ளை வேட்டி. இது என்ன நியாயம்? ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளையை மன்னிக்க மனமிருந்தால் மன்னித்துவிட்டுப் போகிறான். அதற்கு இன்னொரு பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்தால்தான் அவன் கோபம் ஆறும் என்றால், அந்த வீட்டுப் பக்கமே நாம் போகமாட்டோம். கடவுள் என்று சொல்லிவிட்டால் மட்டும் பாட்டுப் பாடுகிறோம்.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போலக் கோயில் வளாகத்தில் கஞ்சியும் சிறுபயறும். பரிமாறுவது ஆண்கள். அன்று பேசிய பெருமையில் அத்தான் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பந்திக்கே வந்தார். நான் அவருக்குப் பின்னால் பயறு வாளியோடு வந்தேன். அக்காவின் முன்னால் வந்ததும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சிரித்தார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர்."

கட்டிய பெண்டாட்டியை சிஸ்டர் என்கிறார். எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு நீரு குடிக்கல்லியே," என்றாள்.

"அதெல்லாம் சிலுவையில தீந்தாச்சு. கர்த்தரு மன்னிச்சாரு. பழசக் கிளறப்பிடாது."

"ஒடஞ்சது எனக்க கையாக்கும். எங்கிட்ட கேட்டீரா?"

போதகர் எங்கிருந்தோ விரைந்து வந்தார். மன்னிக்காதவர்களைக் கடவுளும் மன்னிக்கமாட்டார் அம்மா என்று குழைவாகச் சொன்னார். கதவைச் சாத்தியவர் சொர்க்கத்துக்கு, கை போனவள் நரகத்துக்கு என்பதை இவ்வளவு இனிமையாகவும் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. பந்தியில் சண்டை, வேளம் வேண்டாமே என்று நானும் பயறு வாளியோடு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் தண்ணீர் குடித்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"ஏலே, நீ ஞாயிறு பள்ளியில படிப்பிச்சவன்லா. எனக்கொரு சந்தேகம். அவரு எங்கிட்ட வந்து தப்புன்னு சொன்னா போதும். அதுக்கு எதுக்குலே ஒரு ஆளு சாவணும்?"

பிள்ளைகளுக்குச் சொன்ன பதிலை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை.

"அவரு கெடக்கட்டு," என்றாள். "அவருக்க பேர எழுதுகதுக்கு முன்ன நீ எங்கிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. போதகரைக் கேட்டேன், கமிட்டியைக் கேட்டேன், அத்தானிடம் போனில் சம்மதம் கேட்டேன். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவளிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் சார்பில் ஏற்கெனவே மன்னித்துவிட்டேன் போல. மூன்று மணி நேரமாக அத்தானைப் பார்த்துக் குமட்டிய எனக்கு, அப்போது என்னைப் பார்த்தே குமட்டியது.

"தப்பாப் போச்சு அக்கா. மன்னிச்சிரு," என்றேன்.

சொன்னவுடனேயே எனக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது, பழக்கதோஷம். கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்றுதானே வளர்த்திருக்கிறார்கள்.

அக்கா டம்ளரை இடது கையால் கழுவிக் கவிழ்த்தாள்.

"யோசிச்சு சொல்லுகேன்," என்றாள்.

அந்தப் பட்டியலை இப்போது வேறு யாரோ போடுகிறார்கள். நானும் அக்காவும் தினமும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். அவள் இன்னும் சொல்லவில்லை.