நானும் தங்கச்சியும் செய்த பாஷை

பள்ளிக்கூட நாளில் நானும் தங்கச்சியும் சொந்தமாக ஒரு பாஷை செய்தோம். இரண்டு சொல்லை ஒட்டினால் புதுச்சொல். 'தோகு' கழுதை, 'சில்' இடம். ஆகவே, கழுதைகள் படுத்துக் கிடக்கும் மன்னார் பஸ் நிலையம் 'தோகுசில்'. 'லாமி' என்றால் விருப்பம். எந்தச் சொல்லின் முன்னும் 'நெ' வைத்தால் அது மறுப்பு.

முசலியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். குசினியில் சர்பத் கரைத்தபடி நாங்கள் அந்தப் பாஷையில் கதைத்தது மாப்பிள்ளையின் உம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"கலியாணத்துக்குப் பிறகு இந்த விசர்க்கதை, பைத்தியக் கதையெல்லாம் எங்கட வீட்டில வேணாம்," என்றார்.

என் உம்மா சிரித்துச் சமாளித்தார். முன் அறையில் ஆண்கள் நாள் குறிக்கத் தொடங்கினார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சர்பத் தட்டோடு வந்த தங்கச்சிதான் அங்கிருந்த பெண்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்: "லாமி?"

"நெலாமி," என்றேன். எல்லாரும் முழித்தார்கள். "எனக்கு விருப்பமில்லையெண்டு சொன்னனான்," என்று தமிழிலும் சொன்னேன், முன் அறைக்கும் கேட்கும்படி.

அவர்கள் போனதும் வாப்பா கத்தினார். நான் தலை குனியவில்லை. உம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"அந்தச் சொல்லை இன்னொருக்காச் சொல்லு, மகள்."

சொன்னேன். உம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவருடைய கலியாணத்தின்போது அவரையும் யாரும் கேட்டிருக்கவில்லை.

விசர்க்கதை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அந்தப் பாஷைக்கு இப்போது நாங்கள் மூன்று பேர்.