கம்பியில் தொங்கிய தோல்

நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராவிக்குப் போய் தௌசீபின் வலது கையைப் பார்த்துவிட்டு வரலாம். நான்கு விரல்களும் இன்றுவரை மடங்குவதில்லை. மெஷினில் மாட்டிய கை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அங்கே எந்த மெஷினும் ஓடவில்லை.

தௌசீப் கல்லூரிப் பையன். பைத்தானில் சின்னதாக ஒரு கேம் எழுதியிருந்தான். ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் ஹீரோ ஓங்கி அடிப்பான், ரவுடி விழுவான். ஆனால் எல்லாம் ஊமைப்படம். நெட்டில் கிடைத்த அடிச் சத்தங்களோ அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருந்தன. நிஜ அடி வேண்டும் என்று ஐயாவுக்கு ஆசை.

தாராவியில் சத்தத்துக்கா பஞ்சம்? அமைதிக்குத்தான் பஞ்சம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மட்டும் அவன் மாமா ஜெயினுலாப்தீனின் தோல் பட்டறை அடங்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாரும் தொழப் போய்விடுவார்கள். அன்று தௌசீப் தலைவலி என்று பொய் சொல்லிப் பட்டறையிலேயே தங்கிவிட்டான்.

பின்பக்க இரும்புக் கம்பியில் பெரிய தோல் ஒன்று தொங்கியது. போனில் ரெக்கார்டிங்கைப் போட்டான். மரச் சுத்தியலை ஓங்கினான்.

தம்! தம்! தம்!

அருமையான சத்தம். தோலைத் தடவிப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தது. அந்த மூலையில் வெயில் வர வழியே கிடையாது. அப்போதாவது அவன் யோசித்திருக்கலாம்.

லேப்டாப்பில் போட்டுக் கேட்டான். மூன்றாவது அடிக்குப் பிறகு யாரோ மூச்சை இழுத்தார்கள்... ஸ்ஸ்ஸ்... தன் மூச்சுதான் என்று அதை வெட்டி எறிந்துவிட்டு, சத்தத்தைக் கேமில் சேர்த்தான். அதற்குள் தங்கை சாயிமா சாப்பாட்டோடு வந்துவிட்டாள். அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, நான் ஆடுதேன்."

தட்டினாள். தம்! ரவுடி விழுந்தான். இருவரும் சிரித்தார்கள்.

தம்! தம்! தம்!

ரவுடி விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை.

"ஏ, பந்த் பண்ணு, நிப்பாட்டு!"

"லூப்புக்குள்ள போட்டுட்டேன்டி. இரு."

ஒருமுறை கேட்க வேண்டிய சத்தத்தை, திரும்பத் திரும்ப ஓடுகிற வரிகளுக்குள் எழுதிவிட்டான். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. கேமை மூடினான்.

தம்!

லேப்டாப்பையே அணைத்தான்.

தம்!

சத்தம் கம்பி இருந்த பக்கத்திலிருந்து வந்தது. கிட்டே வந்தது...

தம்! சாயிமாவின் தலை சுவரில் போய் மோதியது. உதடு கிழிந்தது. பல் ஒன்று சோற்றில் விழுந்தது.

தம்! மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது.

"காக்கா... உன் பின்னால..."

திரும்பினான். யாரும் இல்லை. மேஜைமேல் வைத்த சுத்தியலும் இல்லை.

அடுத்த அடி அவள் தலைக்குத்தான். செத்துவிடுவாள். தௌசீப் பாய்ந்து வலது கையால் அவள் நெற்றியை மூடினான்.

தம்! எலும்பு நொறுங்கியது.

தம்! அலறினான். கையை எடுக்கவில்லை.

தம்!

காதருகே... ஸ்ஸ்ஸ்...

பிறகு சத்தமே இல்லை.

சாயிமா பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாமா வாய் திறந்தார்.

"எந்தத் தோல அடிச்சலே?"

"கம்பில தொங்கிச்சே, மாமா."

"கம்பில ஒண்ணும் கிடையாதுலே. தோல் மால் பூரா நேத்தே போயிட்டு."

பட்டறையின் பழைய முதலாளி, ஒரு வேலைக்காரனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி, அதே கம்பியில் தொங்கவிட்டு, மரச் சுத்தியலால் அடித்தே கொன்றவனாம். அதுவும் ஒரு ஜும்ஆ நேரம். அலறலைக் கேட்கப் பட்டறையில் ஆளில்லை.

அந்த முதலாளியை மாமா ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார், பட்டறையை எழுதி வாங்கிய அன்று. பத்திரத்தில் அவன் இடது கையால் கையெழுத்துப் போட்டானாம்.

வலது கை விரல்கள் நான்கும் மடங்கவில்லையாம்.