மேல் பாட்டிலில் ஊற்றியது

தவளக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் மண் என்று இருந்ததெல்லாம், அம்மா சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பாட்டில்களில்தான். தண்ணீர் பாட்டில்களைப் பக்கவாட்டில் அறுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு. உச்சியில் புதினா, அடுத்துக் கொத்தமல்லி, துளசி, கடைசியில் கற்பூரவல்லி. ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை. மேலே ஒரு சொம்பு ஊற்றினால் சொட்டுச் சொட்டாகக் கீழ்வரை இறங்கிவிடும். அது தன் சொந்த யோசனை என்று எதிர்வீட்டு அக்காவிடம் அம்மா சொல்லிவைத்திருந்தாள். போனில் பார்த்துச் செய்தது என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. புதினாவில் பூச்சி விழுந்திருந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவளுக்கு உதவுவதாக நினைத்து, அப்பாவின் பெட்டியிலிருந்த பூச்சிமருந்தை எடுத்துத் தண்ணீரில் கலந்து மேல் பாட்டிலில் ஊற்றினேன். பெருமையாக இருந்தது.

திரும்பி வந்தபோது தம்பி இருமிக்கொண்டிருந்தான். இரண்டு வயதுப் பிள்ளை. அம்மா நேராகப் போய்க் கற்பூரவல்லியில் நாலு இலை கிள்ளி, வதக்கிச் சாறு பிழிந்து, தேன் குழைத்தாள். நான் ஊற்றியது புதினாவுக்குத்தானே என்று சும்மா நின்றேன். அப்போது கற்பூரவல்லியின் அடியிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பால்போல வெள்ளையாக.

சொன்னால் அடி விழும். ஸ்பூன் தம்பியின் உதட்டருகே போய்விட்டது. பாய்ந்து தட்டிவிட்டேன்.

"இன்னாடி, பேய் புடிச்சிடுச்சா?" அம்மா கையை ஓங்கினாள்.

"குடுக்காதம்மா! செடிக்கு மருந்து ஊத்திட்டேன்."

தம்பியின் வாயைத் திறந்து முகர்ந்தாள், துடைத்தாள், மறுபடியும் முகர்ந்தாள். ஒரு துளிகூட உள்ளே போகவில்லை.

"ஏதுடி மருந்து? எங்க இருந்துச்சு?" மறுபடியும் கையை ஓங்கினாள்.

"அப்பா பொட்டில. துணிக்கு அடியில."

ஓங்கிய கை தானாக இறங்கியது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பை நான்தான் அணைத்தேன்.

அப்பா வருவதற்குள் செடிகளையும் மருந்தையும் சாக்கில் கட்டி எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தாள். செடி எங்கே என்று அவர் கேட்டதற்கு, பூச்சி என்றாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. மறுநாளிலிருந்து அவர் எங்கே கிளம்பினாலும், "பாப்பாவையும் கூட்டினு போ" என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டாள். அப்பா அந்த ஸ்கூட்டரை இன்றும் ஓட்டுகிறார். எனக்கோ அந்த நாள்களெல்லாம் ஒரே கொண்டாட்டம். மடுகரையில் குத்தகை நிலத்தை விட்டுவிட்டு நாங்கள் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மருந்தடிக்க அப்பாவுக்கு எந்தப் பயிரும் இல்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை.