சுவருக்கு மேலே வந்த புகை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு பலகை நிற்கிறது. பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்கள். எழுதிய புண்ணியவானை ஒரே ஒரு காலை எங்கள் லயத்து வரிசைவீட்டு அடுப்படியில் உட்காரவைத்து, ஈர விறகில் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் பேசட்டும்.

நானும் தவிர்க்கப் பார்த்தவள்தான். பலகைக்காக இல்லை, என் மகளுக்காக. ஆறு வயதுப் பிள்ளை, இழுப்பு வந்தால் நெஞ்சுக்கூடு தூக்கித் தூக்கிப் போடும். கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல ஷொப்பிங் பேக் எரிக்கிறீங்களா?" இல்லை என்று தலையாட்டினேன். பச்சைப் பொய். இங்கே எல்லோருமே அதில்தான் அடுப்பு மூட்டுகிறோம். செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வரும் தேயிலைக் குச்சி இந்த மழையில் எங்கே காய்கிறது? ஒரு பேக்கைச் சுருட்டிக் கொளுத்தினால் சொட்டுச் சொட்டாக உருகி எரியும், குச்சி பிடித்துக்கொள்ளும். "அந்தப் புகை பிள்ளைக்கு ஆகவே ஆகாது" என்றார் டாக்டர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றோடு நிறுத்தினேன். வீட்டுக்காரர் கொழும்பில் வேலை, தீபாவளி பொங்கலுக்குத்தான் வருவார். நான் ஹட்டனில் துணிக்கடையில் நிற்கிறவள். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, அடுப்புக்கு மேலே பரப்பிக் காயவைத்த விறகுச் சிராயில் தீ மூட்டினேன். பலசரக்குக் கடைக்குத் துணிப்பையும் டப்பாவும் கொண்டுபோனேன். "என்ன தங்கச்சி, பருப்புக்கு டப்பாவா? நாளைக்கு மாவுக்கு அண்டாவோட வருவீங்க போல" என்று அந்தக் கடை முதலாளி எல்லோர் முன்னாலும் சிரித்தார். "வருவேன், நீங்க சரியா அளந்து போடுங்க" என்றேன்.

தவிர்க்க முடியாதவையும் இருந்தன. பால்மாப் பக்கெட் உறை, பிஸ்கட் உறை, நூடில்ஸ் உறை. அவற்றைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, ஓர் உரப்பையில் திணித்துப் பின்பக்கத் தாழ்வாரத்தில் மாட்டினேன். புதன்கிழமைகளில் மெயின் ரோட்டில் குப்பை லொறி வரும், லீவு கிடைக்கிற புதனில் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. புத்தி கெட்டுப்போனது அங்கேதான்.

ஒரு புதன்கிழமை காலை, லீவு எடுத்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளை இருமத் தொடங்கினாள். பிளாஸ்டிக் எரியும் அந்த நாற்றம். என் அடுப்பில் விறகு மட்டும்தான். அண்ணாந்து பார்த்தேன். லயத்தில் ஒரு வீட்டுக் காம்பிராவுக்கும் அடுத்த வீட்டுக் காம்பிராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளியில் கறுப்புப் புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். கையில் நான் கழுவிக் காயவைத்த பால்மாப் பக்கெட்!

"ஏன்டி, ஒனக்கு மனசாட்சி இருக்கா? பிள்ளைக்கு ஆகாதுன்னுதானே நான் எரிக்காம வச்சிருந்தேன்!"

அவள் ஊதுவதை விட்டு எழுந்தாள். "ஐயோ அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. நல்லா காயவச்சு மாட்டியிருந்தீங்களா, அடுப்பு மூட்டத்தான் சேக்குறீங்கன்னு நெனச்சேன். ரெண்டே ரெண்டுதான் எடுத்தேன். விறகு பூரா ஈரம். காலைல பேர் குடுக்குற பெரட்டுக்குப் பிந்துனா கொழுந்து பறிக்க விடாம திருப்பி அனுப்பிருவாங்கக்கா."

வேறு எதற்காக ஒருத்தி பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைப்பாள்? நானே அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் கோபம் போகவில்லை. உரப்பையை ஒரு கையிலும் பிள்ளையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன்.

லொறி ஹோட்டல் வாசலில் நின்று பை பையாக ஏற்றிக்கொண்டிருந்தது. என்னுடையதை நீட்டினேன். எங்கேயிருந்து என்று டிரைவர் சிங்களத்தில் கேட்டார். லயத்திலிருந்து என்றேன். தோட்டத்துக் குப்பை எடுக்க உத்தரவு இல்லை, தோட்டத்து ஒபீஸில் கேளுங்கள் என்றார். தோட்டத்து ஒபீஸில் நான் முன்பே கேட்டபோது லொறிக்காரரைக் கேட்கச் சொல்லியிருந்தார்கள்! ஹோட்டல் குப்பை குப்பை, எங்கள் குப்பை குப்பையில்லையா?

லொறிக்குப் பின்னால் நின்று பை ஏற்றிய ஆள் தமிழில் தணிந்த குரலில் சொன்னார்: "ஏங்கக்கா இதுக்குப் போயி சண்டை? வீட்டுக்குக் கொண்டுபோயி எரிச்சிருங்க."

அவர் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தேன். உள்ளே கர்கர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. "இப்ப சொல்லுங்க, எரிக்கட்டுமா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த ஒரு வாட்டிதான்க்கா" என்று பை ஏற்றியவர் என் பையை வாங்கி மேலே எறிந்தார்.

லயத்தில் பன்னிரண்டு வீடு. என் ஒரு வீட்டுப் பைதான் போனது.

அன்று சாயந்தரம் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி என்னவோ கடதாசியைக் கொளுத்திப் போராடிக்கொண்டிருந்தாள், அவள் இருமுவது கேட்டது. ஆனால் அதற்கடுத்த வீட்டில் பேக்கைக் கொளுத்தி மூட்டினார்கள், அதற்கடுத்த வீட்டிலும். கூரைக்கடியில் அதே புகை வரிசையாக நகர்ந்து வந்தது. சோற்றை இறக்கிவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம்.

வாசலில் கொட்டுகிற மழையில் தெப்பமாக நனைந்தபடி நின்றுகொண்டிருந்தாள். பதறிப்போய் உள்ளே இழுத்தேன். வர மறுத்தாள்.

"உள்ள மூச்சு வர மாட்டேங்குதும்மா" என்றாள்.