லிஃப்ட்காரர் எழுதிய இரண்டு வரி

நாலாவது மாடியில் கதவு திறந்தாலும் லிஃப்ட்காரர் உடனே வெளியே வருவதில்லை. ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, மூட வரும் கதவு தன் முழங்காலைத் தொட்டதும் பின்வாங்குகிறதா என்று பார்ப்பார். பின்வாங்கினால், "நல்ல பிள்ளை" என்பார். இடித்தால் சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்குரூடிரைவர் வெளியே வந்துவிடும். நோட்டீஸ் கட்டோடு பின்னால் நிற்கும் கட்சித் தோழர்கள் நால்வரும் அதுவரை பெட்டிக்குள் வேர்த்து வழிய வேண்டியதுதான். வார்டுத் தேர்தலில் நிற்கும் வேட்பாளர் அவர். ஆனால் அந்தப் பத்து நாளில் அவர் கும்பிட்ட ஆட்களைவிட முடுக்கிய திருகுகள்தான் அதிகம் என்று கட்சிக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு.

லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி உடம்பு, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய காதுகள். வார்டில் இருக்கும் முப்பத்தேழு லிஃப்டுகளையும் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மருந்துக்கடை மாடியில் இருக்கும் பழைய லிஃப்ட் 'கிழவி'. முனகும், ஆனால் ஏமாற்றாது. கண்ணாடியும் மெல்லிய இசையுமாக வந்திறங்கிய புது லிஃப்ட் 'மாப்பிள்ளை'. "சும்மா சும்மா பாதியில நின்னுக்கிட்டு முறுக்கிக்குவான். போய்த் தாஜா பண்ணாத்தான் நகருவான்" என்பார். அவருடைய சட்டைகளைத் துவைக்கப் போடும் முன் மனைவி பைகளைத் துழாவி நட்டுகளை எடுத்து ஒரு ஜாடியில் போடுவார். கணக்கு டீச்சரான அந்த அம்மாள், "இந்த மனுஷன் ஒருநாள் மொத்தமா கழண்டு விழுந்தா திரும்ப மாட்டறதுக்கு ஆகும்" என்று அதற்குக் காரணமும் சொல்வார்.

சென்ற தேர்தலில் அந்த வார்டில் செங்கொடிக் கட்சிக்கு விழுந்த ஓட்டு இருநூற்றுப் பன்னிரண்டு. கட்சி உறுப்பினர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள், சின்னம் மாற்றிக் குத்தியவர்கள் எல்லாரும் சேர்ந்து அவ்வளவுதான். இந்த முறை ஜெயித்தாலும் ஜெயிக்கலாம் என்று எதிரிகளே பயந்ததற்குக் காரணம், லிஃப்ட்காரர் செய்த ஒரு காரியம். நகராட்சிக் குடியிருப்பில் எட்டு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. உதிரிபாகம் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் இவர் ஒரு முக்காலியை எடுத்துப்போய், தரைத்தளத்தில் நின்றுபோன அந்தப் பெட்டிக்குள் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க ஆரம்பித்துவிட்டார். யார் கேட்டாலும், "அஞ்சாவது மாடிக்குப் போகணும், காத்துக்கிட்டிருக்கேன்" என்பதுதான் பதில். மூன்றாம் நாள் மாலை உதிரிபாகம் வந்தது. எட்டு மாதமாகக் கீழே இறங்காதிருந்த ஒரு கிழவர் அன்று இறங்கி வந்து, இவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அந்த அழுகையைப் பார்த்த தெரு அதை மறக்கவில்லை.

அவருக்காக வார்டில் அதிகம் உழைத்தவர் கட்சிக்காரர் அல்ல, வீட்டுக்காரம்மா. லிஃப்ட்காரரும் மனைவியும் பத்தொன்பது வருடமாக அவருடைய மாடியில்தான் குடியிருக்கிறார்கள். அந்தம்மா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பென்ஷன் போதாது, மாடி வாடகை வந்தால்தான் அவருக்கு மருந்தும் மாவும். இன்றைக்கும் போனை எடுத்தால், "சொல்லுங்க, யார் வேணும்?" என்றுதான் கேட்பார். அரசியல் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய நோட்டில் இருக்கும் எண்களில் முப்பது பேருக்குப் போன் போட்டார். "எங்க மாடி வீட்டுத் தம்பி நிக்கிறார். கட்சியை விடுங்க, ஆள் தங்கம்" என்று சொன்னார். அவருடைய நோட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் அவரைப் போலவே மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே குடியிருப்பவர்கள்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததில் மண் அள்ளிப் போட்டது கட்சியேதான். வேறெந்தக் கட்சியும் அப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. மற்றக் கட்சிகள் பழையதை எரித்துவிடும். இவர்கள் தாங்கள் அச்சடித்த ஒவ்வொரு தாளையும் வருடவாரியாக பைண்டு செய்து, அலுவலக மாடியில் வாசகசாலை என்று பெயர் வைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் பொறுப்பான தோழருக்கு எழுபது வயது. வாசகர் யாரும் வராமல் வருடக்கணக்கில் தூசி தட்டியவர். தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, சட்டையை உள்ளே விட்ட ஒரு கண்ணாடிக்காரர் வந்து, லிஃப்ட்காரர் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பணிவாகக் கேட்டார். வாசகசாலைத் தோழருக்கு நெஞ்சு விம்மியது. எழுதாமல் என்ன, 'எஃகு' என்ற புனைபெயரில் கட்சிப் பத்திரிகையில் வெளுத்து வாங்கியவரே அவர்தான் என்று சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்து, பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். வந்தவர் எதிர்த்து நிற்கும் நாற்காலிக்கடை முதலாளியின் மைத்துனர். "ஒரு வாசகரை வெறுங்கையோட அனுப்பலாமா தோழர்?" என்று பிற்பாடு அந்தக் கிழவர் கேட்டபோது, திட்ட வந்தவர்களுக்கே வாய் வரவில்லை.

மறுநாள் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு அடியிலும் ஒரு தாள் கிடந்தது. மேலே பெரிதாக ஒரு அட்டைப்பூச்சியின் படம். கீழே இருபத்தேழு வருடத்துக்கு முன் எஃகு எழுதிய இரண்டு வரி. 'வாடகை வாங்கித் தின்கிறவன் அட்டை. அட்டையிடம் பேசிப் பயனில்லை, உப்பைத்தான் போட வேண்டும்.' அதற்கும் கீழே, இந்த எஃகு யார் தெரியுமா என்று கேட்டு லிஃப்ட்காரரின் சிரித்த முகம்.

அன்று அவர் படியிறங்கி வரும்போது வீட்டுக்காரம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நோட்டு மூடியிருந்தது. தாள் மடியில் இருந்தது.

"தம்பி, இது நீங்க எழுதினதா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் முப்பது வருடம் முகம் பார்க்காமல் குரலை மட்டுமே கேட்டு வேலை செய்தவரிடம் பொய் எடுபடாது.

"ஆமாக்கா."

அவர் தாளை நான்காக மடித்தார். "பத்தொன்பது வருஷம். ஒரு மாசம் முன்னப்பின்ன ஆனாக்கூட நான் கேட்டதில்ல. உங்க சம்சாரத்துக்கு ஆபரேஷன்னப்போ அந்த மாசம் வேண்டாம்னுட்டேன். எத்தனை சொட்டு உறிஞ்சியிருப்பேன் தம்பி, ஒரு கணக்குச் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார். ஆயிரம் கதவுகளின் சத்தம் கேட்ட காதுக்கு அந்த ஒரு சத்தம்தான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து கீழ்வீட்டிலிருந்து யாருக்கும் போன் போகவில்லை.

கட்சிக் கமிட்டி கூடியது. மறுப்பு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தவர்கள், 'அன்றைய சமூகச் சூழலில்' என்று தொடங்குவதா, 'அன்றைய நிலைமைகளில்' என்று தொடங்குவதா என்று ஒன்றேகால் மணிநேரம் வாதாடினார்கள். பிறகு செயலாளர் எல்லாருக்கும் தேநீர் சொல்லிவிட்டு, லிஃப்ட்காரரைத் தனியே மாடிப்படிக்கு அழைத்துப் போனார். ஜெயிப்பதற்கு ஒரே வழிதான் இருக்கிறது என்றார். கட்சிக்குள் எஃகு யார் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் தையல்காரத் தோழர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. எஃகு அவர்தான், வாசகசாலைக் கிழவர் ஞாபகப் பிசகில் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று ஒரு வரி போட்டால் முடிந்தது.

"செத்தவனுக்கு என்னப்பா நஷ்டம்? இருந்திருந்தா அவனே 'என் பேரைப் போட்டுக்கோ'ன்னுதான் சொல்லியிருப்பான்."

அது உண்மைதான், அதனால்தான் வலித்தது. தையல்காரத் தோழர் அப்படிப்பட்ட மனிதர். லிஃப்ட்காரரின் கல்யாணச் சட்டையைத் தைத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்தவர். அவருடைய மனைவி இப்போதும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து தன் மனைவியிடம் சொன்னார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை. "எஃகுன்னு பேர் வச்சுக்கிட்டப்போ நீங்க நாப்பத்தெட்டு கிலோ. அப்பவே சிரிச்சேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த அண்ணி வீட்டுக் கதவுக்கு அடியிலயும் நோட்டீஸ் போடுவீங்களா, இல்ல அந்த வீட்டை மட்டும் விட்டுடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார். லிஃப்ட்காரர் ஜாடியிலிருந்த நட்டுகளை எடுத்து, அளவுவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசித் தெருமுனைக் கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. கமிட்டி ஒப்புதல் கொடுத்த தாளைச் செயலாளர் அவர் கையில் திணித்தார். தையல்காரத் தோழரின் பெயர் அதில் மூன்றாவது வரியில் இருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டுக்காரர்கள், மீதிப் பேர் குடியிருப்பவர்கள், ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் வீட்டுக்காரம்மா. லிஃப்ட்காரர் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"எஃகு நான்தாங்க. வேற யாரும் இல்ல" என்று ஆரம்பித்தார். மேடைக்குப் பின்னால் செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டது எல்லாருக்கும் தெரிந்தது.

"எனக்குப் பதினோரு வயசிருக்கும்போது வீட்டுக்காரர் ஒருத்தர் எங்க சாமானையெல்லாம் தூக்கித் தெருவுல போட்டார். எங்கம்மா ஒரு மரப்பெட்டி மேல உக்காந்துக்கிட்டு, போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம், 'உள்ள வெள்ளையடிக்கிறாங்க, அதான் வெளிய எடுத்து வச்சிருக்கோம்'னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. இருட்டற வரைக்கும் சொன்னாங்க."

மனைவிக்குக்கூட இதை அவர் சொன்னதில்லை.

"அந்தக் கோவத்தை அந்த ஒருத்தர் மேல எழுதியிருக்கணும். நான் எல்லார் மேலயும் எழுதிட்டேன். மனுஷங்களை அட்டைன்னு எழுதினது தப்பு, மன்னிச்சுக்குங்க. ஆனா குடியிருக்கிறவங்களைத் திடீர்னு தெருவுல தள்ளக்கூடாதுன்னும் அதே பக்கத்துல எழுதியிருக்கேன். அதை அவங்க அச்சடிக்கல. அது தப்பில்ல. அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

கூட்டத்தில் ஒருவர், மேலேயும் பேசுகிறாய் கீழேயும் பேசுகிறாய் என்று கத்தினார். "லிஃப்டுக்காரன்கிட்ட வேற என்னங்க எதிர்பார்க்கறீங்க?" என்றார் இவர். சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் எல்லாம் ஓட்டுப் போடுவார்களா என்பது வேறு விஷயம்.

போடவில்லை. முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றார். வீட்டுக்காரர்கள் நிறைந்த இரண்டு பூத்துகளில் அடி. மூன்றாவது பூத், இதுவரை ஓட்டுச்சாவடிப் பக்கமே வராத வாடகைக் குடும்பங்கள் வரிசையில் நின்ற பூத், அப்படியே இவர் பக்கம். அந்த இரண்டு வரி கெடுத்ததா, அவர் ஒப்புக்கொண்டது கெடுத்ததா, அல்லது அதனால்தான் இருநூற்றுப் பன்னிரண்டு ஆயிரத்துக்கு மேல் ஏறியதா என்று கமிட்டி இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் கவுன்சிலர் என்று செயலாளர் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார். தையல்காரத் தோழரின் மனைவி மட்டும், எப்படியோ விஷயம் தெரிந்து, முடிவு வந்த அன்று மாடியேறி வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை லிஃப்ட்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வீட்டு முகப்பில் கட்டியிருந்த தேர்தல் பேனரை அவிழ்க்க வேண்டும். அத்தனை கோபத்திலும் வீட்டுக்காரம்மா அதைக் கழற்றச் சொல்லவில்லை. சுவர் அவருடையது. பாதி ஏணி ஏறியிருந்தபோது கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"நான் உங்களுக்குப் போடல."

லிஃப்ட்காரர் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்க்கா."

"மன்னிப்புக் கேட்டீங்க. சரி. அதுக்காக ஓட்டு வேற போட முடியுமா?"

"முடியாதுதான்."

"உங்கம்மா இருக்காங்களா?"

"இல்லக்கா. ரொம்ப வருஷமாச்சு."

லிஃப்ட்காரர் அடுத்த முடிச்சுக்கு எட்டிக் கையை நீட்டினார். ஏணி லேசாக ஆடியது. வீட்டுக்காரம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வாசற்படி இறங்கி வந்தார். ஏணியின் அடிப்படியில் ஒரு காலை ஊன்றி, அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.