மேரிசெல்வியின் மில் பழக்கம்

மேரிசெல்விக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் அவள் கண்ணால்தான் கேட்பாள். கடலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சின்ன வயதிலேயே சேர்ந்தவள். எந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை பேசுவார்கள். மில்லை மூடி, இடித்து, மனை போட்டு விற்றாயிற்று. புருஷன் வேலைக்காக நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தும் வருஷங்கள் ஆயிற்று. பழக்கம் மட்டும் போகவில்லை.

டிவியைச் சத்தமில்லாமல்தான் பார்ப்பாள். பூசையில் சாமியார் வாய்க்குள் முணுமுணுக்கும் ஜெபத்துக்கும் சத்தமாக ஆமென் போடுவாள். அதுகூடப் பரவாயில்லை. மகள் எவாஞ்சலினைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூலையில் குசுகுசுத்ததற்கெல்லாம் பதில் சொல்லித் தொலைத்ததில் இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிற்று. "பொண்ணு கொஞ்சம் குட்டை" என்று ஒரு அத்தை கிசுகிசுக்க, "உங்க பையன் என்ன பனமரமா?" என்று ஹாலின் இந்தக் கோடியிலிருந்து கேட்டாள். கேட்காமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

மூன்றாவதாக வடலூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஆல்பின், பெர்மனென்ட் வேலை. எவாஞ்சலினுக்குப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது.

"அம்மா, இன்னிக்கு யார் வாயையும் பாக்காத. உன் கால்ல வுழறேன்" என்றாள்.

மேரிசெல்வி வாக்குக் கொடுத்தாள். வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு அண்ணாந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதும் ஃபேனிடம்தான். அது கழன்று விழப்போகிறதோ என்று பையனின் அப்பா, பாவம், நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

காபித் தட்டோடு வந்த எவாஞ்சலின் சமையலறை வாசலிலேயே நின்றாள். எதிர்க்கோடியில் ஆல்பின் தன் அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சத்தம் துளியும் வெளியே வரவில்லை. எவாஞ்சலின் மில் வாசலை மிதிக்காத பெண்தான். ஆனால் பேச்சு வருமுன்பே அம்மாவின் உதட்டைப் பார்த்து வளர்ந்தவள்.

தட்டைக் கீழே வைத்தாள்.

"வருவாங்க" என்றாள் சத்தமாக. "கல்யாணம் ஆனாலும் எங்கம்மா என் வூட்டுக்கு வருவாங்க. மாசக்கணக்குல தங்குவாங்க. அவங்கள லூசுன்னு சொல்ற வூட்டுக்கு நான்தான் வரமாட்டேன்."

ஆல்பின் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் அம்மாவும் பொத்திக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட ஒருவரும் கையை எடுக்கவில்லை.

மேரிசெல்விக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நான் பாக்கவே இல்லடி! சத்தியமா ஃபேனத்தான் பாத்துகினு இருந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எவாஞ்சலின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"தெரியும்மா. நான்தான் பாத்தேன்."